கோட்டையின் பன்னிரண்டாம் பாகம்

லிஃப்ட்காரரின் உடம்பில் அவர் பேச்சைக் கேட்டு நடப்பவை இரண்டு கண்கள் மட்டுமே. மற்றவையெல்லாம் நாலு வருஷத்தில் ஒவ்வொன்றாகக் கைவிரித்துவிட்டன. முதலில் போனது வலது கை. ஒரு கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் எந்திர அறையில் நின்று, பழுதான பிரேக்கை முடுக்கிக்கொண்டிருந்தார். ஸ்பானர் விரலிலிருந்து நழுவி, கயிறு இறங்கும் துளை வழியே விழுந்து, ஒன்பது மாடி கீழே நின்ற லிஃப்டின் கூரையில் டங்கென்று மோதியது. இருபத்திரண்டு வருஷ வேலையில் ஒரு திருகாணியைக்கூட அவர் தவறவிட்டதில்லை. தூக்கம் சரியில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அடுத்த மாதம் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. ஆறாம் மாதம் டாக்டர் விளக்கினார்: நரம்பு சாகும், தசை வற்றும், மருந்து கிடையாது. புத்தியைத் தொடாது.

"புத்தியத் தொடாதுங்கிறது நல்ல சேதியா, கெட்ட சேதியா டாக்டர்?"

அப்போது அவருக்கு வாய் இருந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் மனைவி சொன்னாள்: "எந்த இடத்துல ஜோக் அடிக்கிறதுன்னு ஒரு விவஸ்தையே கிடையாதா உங்களுக்கு?"

இப்போது அவர் முன்னறையில், சன்னலை ஒட்டிய கட்டிலில் கிடக்கிறார். வயிற்றில் பதித்த குழாய் வழியே சாப்பாடு. மூக்கையும் வாயையும் மூடிய முகமூடிக்குள் எந்திரம் காற்றைத் தள்ளுகிறது. போன வருஷம் தூங்கும்போது மட்டும் போட்ட முகமூடியை இப்போது கழற்றினால் பத்து நிமிஷம்தான் தாங்குவார்.

பேச்சு அட்டையில்தான். வரிசை வரிசையாக எழுத்து ஒட்டிய அட்டையை யாராவது முகத்துக்கு நேரே பிடித்து விரலை ஓட்ட வேண்டும். விரல் சரியான எழுத்துக்கு வந்ததும் அவர் கண்ணை மேலே தூக்குவார். ஆமாம் என்றாலும் அதே. இல்லை என்றால் இமையை இறுக மூடுவார். கண்ணசைவைத் தானே படிக்கும் கருவிக்கு மனு எழுதிப் போட்டு ஒன்றரை வருஷமாகிறது. அட்டையில் ஒரு வாக்கியத்துக்கு ஐந்து நிமிஷம் ஆகும். அவருடைய நகைச்சுவைக்கு அதுதான் பெரிய இடைஞ்சல். காலையில் பார்த்துக்கொள்ள வரும் சிஸ்டர் சன்னலை எட்டிப் பார்த்து "இன்னிக்கு மழை கொட்டப்போகுது" என்பாள். "என் குடை எங்கே" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் கேஸ் சிலிண்டர்க்காரனோடு சண்டை போட்டுத் திரும்பியிருப்பாள். "என்ன குடை? எதுக்குக் குடை?" என்று கேட்பாள். அதை விளக்க இன்னும் பத்து நிமிஷம். அவர் கண்ணை மூடிவிடுவார்.

அவருக்காகக் காத்திருந்த ஒரே இடம் கோட்டைதான்.

கோட்டை ஒரு வீடியோ கேம். அவர் பதினெட்டு வயதில் வேலை பழகிய காலத்தில் முதல் பாகம் வந்தது. இருபத்தாறு வருஷத்தில் பதினோரு பாகங்கள். கதை மாறும், படம் மெருகேறும், சண்டை மட்டும் மாறவே மாறாது. இடப்பக்கம் நம் ஆட்கள் நாலு பேர், வலப்பக்கம் எதிரிகள், கீழே ஒரு பட்டியல்: அடி, தடு, மருந்து, மந்திரம், ஓடு. நாம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்வரை எதிரே நிற்கும் மூன்று தலைப் பாம்பு வாயைப் பிளந்தபடியே நிற்கும். நாம் எழுந்துபோய்க் குளித்துவிட்டு வரலாம்.

மனைவியின் தம்பி கண்ணாடிக் கடையில் சன்னல் கண்ணாடி அறுப்பவன். வாரத்தில் நாலு மாலை அவன் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காருவான். கையில் விளையாட்டின் பொத்தான் பெட்டி, மடியில் அந்த ஐந்து கட்டளைகளையும் எழுதிய அட்டை. அவன் விரலை ஓட்டுவான், இவர் கண்ணைத் தூக்குவார், அவன் பொத்தானை அழுத்துவான். ஒரு சண்டைக்கு ஒரு மாலை. பதினோராம் பாகத்தை முடிக்கப் பதினாலு மாதம் ஆனது.

"மச்சான், இங்க அடிச்சிரலாமே? பாதி உசுருதான் இருக்கு அதுக்கு" என்பான்.

இமை இறுக மூடும். தடு.

"சரி, தடுக்கிறேன். தோத்தா என்னைத் திட்டக் கூடாது."

பாம்பு அந்த முறை நெருப்பை உமிழும். தடுத்ததால் நாலு பேரும் பிழைப்பார்கள். நாலு பேருக்கும் வீட்டில் பட்டப்பெயர் உண்டு. ஒருவன் பெரியவர், ஒருவன் கோடாலி, ஒருத்தி மருத்துவச்சி. வில்லைப் பிடித்துக்கொண்டு மூன்றில் இரண்டு அம்பைக் குறி தவறவிடுபவன் சோம்பேறி.

மனைவி ஓர் ஓட்டலின் சலவைப் பிரிவில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். வேலை முடிந்து வந்து சமையலறையிலிருந்தே எட்டிப் பார்ப்பாள். "அந்தப் பாம்புக்கு இருக்கிற பொறுமை எங்க சூப்பர்வைசருக்கு இருந்தா நான் எப்பவோ முன்னுக்கு வந்திருப்பேன்."

வீட்டில் எல்லாம் அவரைக் கேட்டுத்தான் நடந்தது. தலையணையை ஏற்றவா, காலை நீட்டவா, மின்விசிறியைக் குறைக்கவா? கேட்டுவிட்டு, கண் பதில் சொல்வதற்குள் செய்துவிடுவார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது, அவரவருக்கு அவரவர் அவசரம். கோட்டையில் மட்டும் அவர் சொன்னது நடந்தது. சொல்லாதது நடக்கவில்லை.

பன்னிரண்டாம் பாகம் வருகிறது என்ற அறிவிப்பு வந்த சமயத்தில்தான் டாக்டர் இன்னொரு பேச்சையும் எடுத்தார். முகமூடி இன்னும் அதிக நாள் போதாது. தொண்டையில் துளையிட்டு மூச்சு எந்திரத்தை நிரந்தரமாகப் பொருத்தலாம். பொருத்தினால் சில வருஷங்கள் கிடைக்கும்.

"இப்பவே முடிவு பண்ணிப் பேப்பர்ல குடுத்திடுங்க. மூச்சு முட்டி இங்க தூக்கிட்டு வர்ற நேரத்துல அவரைக் கேக்க எங்களுக்கு அவகாசம் இருக்காது. பேப்பர்ல என்ன இருக்கோ அதைத்தான் செய்வோம்."

லிஃப்ட்காரர் அட்டையில் இரண்டு கேள்விகள் கேட்டார். கண்ணும் போகுமா? சிலருக்குப் போகும் என்றார் டாக்டர். போனபின் எந்திரத்தை நிறுத்த முடியுமா? முடியாது, போட்டால் போட்டதுதான், இங்கே நடைமுறை அப்படி.

மனைவிக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று புரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: "என்னங்க, சரின்னு சொல்லிடலாமா?"

கண் மேலேயும் போகவில்லை, இமையும் மூடவில்லை. பிறகு எழுத்து எழுத்தாகச் சொன்னார்: கோட்டை வரட்டும். பிறகு சொல்கிறேன்.

அவளுக்கு உயிர் வந்தது. ஒரு பாகம் முடிக்கப் பதினாலு மாதம் ஆகும் மனுஷன், விளையாட்டு கைக்கு வந்துவிட்டால் பாதியில் விட்டுவிட்டுப் போகச் சம்மதிப்பாரா? அன்றிலிருந்து அந்த வீட்டில் கோட்டைக்காக அவரைவிட அதிகமாகக் காத்திருந்தவள் அவள்தான். தம்பியை நாளுக்கு இரண்டு தடவை கேட்டாள். "எப்பத்தான்டா வரும் அந்தச் சனியன்?"

தம்பி பிடிகொடுக்காமல் பதில் சொன்னான். விளையாட்டு வருவதற்கு மூன்று மாதம் முன்பே அவன் போனில் முன்னோட்டத்தைப் பார்த்துவிட்டான். ஆளுக்கொரு முறை என்ற வரிசை இல்லை. பட்டியல் இல்லை. ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டு நாம் ஓட வேண்டும், குதிக்க வேண்டும், எதிரி வீசும் கத்திக்கு அந்தக் கணமே விலக வேண்டும். புதுசாக வரும் பிள்ளைகளுக்குப் பழைய சண்டை தூக்கம் வரவைக்கிறதாம், அதனால் அடியோடு மாற்றிவிட்டோம் என்று விளையாட்டைச் செய்தவர்கள் பெருமையாக அறிவித்திருந்தார்கள். அவன் இதை அக்காவிடமும் சொல்லவில்லை, மச்சானிடமும் சொல்லவில்லை. ஏதாவது வழி இருக்கும் என்று நினைத்தான்.

விளையாட்டு ஒரு சனிக்கிழமை வந்தது. மனைவி அரைநாள் லீவு போட்டிருந்தாள். சிஸ்டரும் வீட்டுக்குப் போகாமல் நின்றாள். முதல் சண்டை ஒரு காட்டுப் பன்றியோடு. மச்சினன் வழக்கம்போல அட்டையில் விரலை வைத்தான். விரல் 'அடி'யில் நிற்கையிலேயே பன்றி பெரியவரை முட்டித் தள்ளிவிட்டது. 'தடு'வுக்கு வருவதற்குள் கோடாலி விழுந்தான். லிஃப்ட்காரரின் கண் மேலே போனபோது திரை கறுத்துவிட்டது.

"ஏன்டா, பழைய மாதிரி நிக்க மாட்டேங்குது?" என்றாள் மனைவி.

"இப்ப நிக்காதுக்கா. மாத்திட்டாங்க."

"யாரைக் கேட்டு மாத்தினாங்க?"

லிஃப்ட்காரர் அட்டை கேட்டார். அவர் சொன்னது: பன்றிக்கு அவசர வேலை போல. சிஸ்டர் அதைச் சத்தமாகப் படித்தாள். இந்தத் தடவை ஜோக் சரியான நேரத்துக்கு வந்தது. ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை.

எட்டு நாள் மச்சினன் போராடினான். நடுவில் நிறுத்தும் பொத்தானை அழுத்தி, மச்சானைக் கேட்டு, விட்டு, மறுபடி அழுத்தினான். நிறுத்தினால் ஒரு மூடுதிரை வந்து சண்டையை மறைத்தது. திறந்தால் கண் சிமிட்டும் நேரத்துக்குள் அவர் சொன்னது பழசாகிவிட்டது. பழைய பாகங்களை எடுக்கவா என்று கேட்டான். இமை மூடியது. எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

ஒன்பதாம் நாள் அவன் துள்ளிக்கொண்டு வந்தான்.

"மச்சான், வழி கண்டுபிடிச்சிட்டேன். உள்ளே ஒரு செட்டிங் இருக்கு. நம்ம வேகத்துக்கு அது வரும். நீங்க சொல்லுங்க, நான் அழுத்துறேன்."

லிஃப்ட்காரர் சொன்னார். பன்றி செத்தது. அதற்கடுத்த கொள்ளைக்கூட்டம் செத்தது. நாலு மாலை தொடர்ந்து ஜெயம். மனைவி சமையலறையில் தனக்குத்தானே பாடினாள். வேலைக்குப் போகும் வழியில் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து ஒரு காரியமும் முடித்துவிட்டு வந்தாள். அதை வீட்டில் சொல்லவில்லை.

லிஃப்ட்காரருக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. இருபத்திரண்டு வருஷம் எந்திரத்தின் பக்கத்தில் காதை வைத்துப் பிழைத்தவர். பொத்தான் 'டிக்'கென்ற பிறகுதான் வாள் வீச வேண்டும். இங்கே சில சமயம் வாள் முன்னால் போயிற்று, 'டிக்' பின்னால் வந்தது.

அவருடைய தொழிலில் ஒரு முறை இருந்தது. பழுது பார்த்த லிஃப்டை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துத் திருப்தியடைபவன் அரைகுறை. ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டு மாடிக்கு நடுவே கதவை வேண்டுமென்றே நெம்பித் திறக்க வேண்டும். அந்தக் கணமே லிஃப்ட் நின்றால் கையெழுத்துப் போடலாம். நிற்காமல் ஓடினால், அது யார் பேச்சையும் கேட்காத லிஃப்ட், ஆளைக் கொல்லும். நல்லபடி ஓடுவதை நம்பாதே, நிற்கச் சொன்னால் நிற்கிறதா பார் என்பது அவர் வேலை கற்றுத்தந்த எல்லோரிடமும் சொன்ன பேச்சு.

ஐந்தாம் மாலை ஒரு பாலத்தில் சண்டை. அவருடைய ஆட்கள் ஜெயிக்கும் நிலையில் இருந்தார்கள். எதிரி மண்டியிட்டுவிட்டான். மச்சினனின் விரல் 'அடி'யில் வந்து நின்றது. இமை மூடியது. தடு, மருந்து, மந்திரம் எல்லாவற்றுக்கும் இமை மூடியது. விரல் 'ஓடு'வுக்கு வந்தபோது கண் மேலே போனது.

"ஓடவா? இப்பவா மச்சான்? ஜெயிச்சிட்டோமே!"

கண் மேலேயே நின்றது.

"சரி, ஓடு" என்று மச்சினன் பொத்தானை அழுத்தினான். திரையில் சோம்பேறி வில்லை வளைத்தான், அம்பு எதிரியின் நெஞ்சில் போய்க் குத்தியது. எதிரி சாய்ந்தான். வெற்றி முழங்கியது.

லிஃப்ட்காரர் திரையைப் பார்ப்பதை விட்டு மச்சினனைப் பார்த்தார். எழுத்து அட்டையை எடுக்க அவனுக்குக் கை வரவில்லை. அன்று மாலையும் தங்கியிருந்த சிஸ்டர்தான் துணி மடிப்பதை நிறுத்திவிட்டு வந்து அட்டையைப் பிடித்தாள். எழுத்து எழுத்தாகப் படித்தாள்.

"சோம்பேறி… எப்போதிருந்து… இவ்வளவு நல்லா… அம்பு விடறான்."

மச்சினன் பொத்தான் பெட்டியைக் கீழே வைத்தான். லீவு நாளில் வீட்டில் உட்கார்ந்து தானே விளையாடி, ஜெயித்த சண்டைகளைப் பதிவு செய்து கொண்டுவந்திருந்தான். இங்கே நிறுத்தி நிறுத்தி ஓட்டியது அந்தப் பதிவு. மச்சான் எப்படி ஆடுவார் என்று இருபது வருஷப் பழக்கத்தில் தெரியும், அதே வரிசையில் ஆடியிருந்தான். அதனால் நாலு நாள் பிசகாமல் ஒத்துப்போனது.

"நான் ஏமாத்தணும்னு பண்ணலை மச்சான். உங்க முகம்…" என்றான். அந்த முகத்தில் அசையும் தசை ஒன்றுகூட இல்லை என்பது நினைவுக்கு வந்து நிறுத்தினான். "நீங்க சந்தோஷமா இருந்தீங்கன்னு நினைச்சேன்."

சிஸ்டரின் விரல் மறுபடி ஓடியது. இது வெகு நேரம் எடுத்தது. "நாலு நாள்… நான் பேசினது… சுவத்துகிட்டயா."

மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான். சமையலறை வாசலில் மனைவி நின்றாள். கையில் மாவு. தம்பி மாட்டிக்கொண்டதைப் பார்த்தவளுக்குத் தன் காரியமும் இனி ஒளிந்திருக்காது என்று தோன்றியிருக்க வேண்டும். யாரும் கேட்காமலே சொல்லிவிட்டாள்.

"நானும் ஒண்ணு பண்ணிட்டேங்க. ஆஸ்பத்திரியில பேப்பர் குடுத்திட்டேன். தொண்டையில மாட்டுறதுக்குச் சரின்னு. நீங்கதான் கோட்டை வந்ததும் சொல்றேன்னு சொன்னீங்க. கோட்டையும் வந்திருச்சு, நீங்களும் ஜெயிச்சிட்டே இருந்தீங்க… எப்படியும் சரின்னுதானே சொல்லுவீங்கன்னு போட்டுட்டேன்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு அட்டையைப் பார்த்தார். சிஸ்டர் படித்தாள். "பேப்பரை மாத்து."

"மாட்டேன்" என்றாள் மனைவி.

சிஸ்டர் அட்டையை இறக்கவில்லை. மறுபடி அதே எழுத்துகள், அதே வரிசை. "பேப்பரை மாத்து."

"மாட்டேன்னா மாட்டேன். ஒரு பாழாப்போன விளையாட்டுக்காகச் சாகப்போறீங்களா? அதுல பன்றி நிக்கலைன்னா உங்க மூச்சும் நிக்கணுமா?"

இதற்கு வந்த பதில் முக்கால் மணி நேரம் எடுத்தது. நடுவில் ஒரு தடவை சளியை உறிஞ்சி எடுக்க வேண்டியிருந்தது. சிஸ்டர் கை வலித்து அட்டையை மாற்றிப் பிடித்தாள். மனைவி இரண்டு இடத்தில் குறுக்கே புகுந்து, "தெரியும், இதானே சொல்ல வர்றீங்க" என்று தானாக ஒரு வார்த்தையைப் போட்டாள். இரண்டு தடவையும் இமை மூடியது. "அவரை முடிக்க விடும்மா" என்றாள் சிஸ்டர் அதட்டலாக. முடிந்தபோது அது இதுதான்:

விளையாட்டுக்காக இல்லை. கண் போன பிறகு நீ கேட்பாய். நான் பதில் சொல்வேன். யாருக்கும் கேட்காது. என் சார்பில் நீங்களே எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்வீர்கள். நாலு நாள் அது எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டேன்.

மனைவி சமையலறைக்குப் போனாள். மாவு பிசையும் சத்தம் பலமாகக் கேட்டது, பிறகு நின்றுபோனது. அவள் அன்று அவரோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. குழாயில் கஞ்சியை ஊற்றினாள், உடம்பைத் துடைத்தாள், முகமூடிப் பட்டை காதுக்குப் பின்னால் புண்ணாக்கிய இடத்தில் பஞ்சு வைத்தாள், எல்லாம் வாயைத் திறக்காமல். மூன்றாம் நாள் வேலைக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்றாள்.

பேப்பரை மாற்ற வேண்டுமானால் நோயாளி வாயிலிருந்து நேரடியாகக் கேட்க வேண்டும் என்றார்கள். "வாயா?" என்று அவள் கேட்ட கேள்வியில் அந்தக் குமாஸ்தா நெளிந்தான். வெள்ளிக்கிழமை டாக்டரே வீட்டுக்கு வந்தார், ஒரு படிவத்தோடு. சாட்சிக்கு மச்சினனும் சிஸ்டரும். கண்ணாடிக் கடையில் ஒருநாள் லீவு சொல்லிவிட்டு வந்த மச்சினன் சுவரோடு ஒட்டி நின்றான். விளையாட்டுப் பெட்டியின் மேல் அவன் யார் கண்ணிலும் படாதபடி துண்டைப் போட்டு மூடியிருந்தான்.

டாக்டர் குனிந்து, செவிடனிடம் பேசுவதுபோல் உரக்கக் கேட்டார். "தொண்டையில துளை போட்டு எந்திரம் வைக்கச் சம்மதமா?"

நாலு விநாடி பார்த்தார். கைக்கடிகாரத்தையும் பார்த்தார். லிஃப்ட்காரரின் கண் அன்று சோர்ந்திருந்தது, இமை கனத்து மெதுவாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தது. "பதில் தெளிவா இல்லை" என்று முணுமுணுத்து டாக்டர் பேனாவைத் திறந்தார். "அப்படின்னா நீங்க குடுத்த பழைய பேப்பரே இருக்கட்டும்மா. உங்களுக்கும் அதுதானே நல்லது?"

மச்சினன் அக்காவைப் பார்த்தான். அவள் அப்படியே விட்டிருந்தால் போதும்.

"இருங்க டாக்டர்" என்றாள். "அவர் இன்னும் முடிக்கலை."

எழுத்து அட்டையைச் சிஸ்டரிடமிருந்து வாங்கித் தானே பிடித்தாள். முதல் வரிசை. இல்லை. இரண்டாம் வரிசை. இல்லை. அவள் எந்த எழுத்தையும் தாண்டவில்லை, எந்த வார்த்தையையும் தானாக முடிக்கவில்லை. டாக்டர் ஒரு தடவை எழுந்தார். "உக்காருங்க" என்றாள், தலையைத் திருப்பாமல். பதினேழு நிமிஷம் ஆனது. முடித்ததும் அவளே வாய்விட்டுப் படித்தாள்.

"துளை வேண்டாம். எந்திரம் வேண்டாம். இது என் முடிவு. இவள் முடிவு இல்லை."

இருமுறை படித்தாள், டாக்டர் எழுதும் வேகத்துக்கு. மையில் அவருடைய கட்டைவிரலைப் புரட்டிப் படிவத்தில் அழுத்தினாள். சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள். டாக்டர் பையை மூடிக்கொண்டு எழுந்தார்.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள் மனைவி. "மூச்சு முட்டுற நேரம் வரும் இல்லையா, அன்னிக்கு அவர் தவிக்காம இருக்க மருந்து இருக்கா?"

"இருக்கு. அப்ப பாத்துக்கலாம்மா."

"அப்ப உங்களுக்கு நேரம் இருக்காது. என்ன மருந்து, எவ்வளவு, எந்தக் குழாய்ல, எத்தனை நேரத்துக்கு ஒரு தடவை, எல்லாம் இப்பவே எழுதிக் குடுங்க."

டாக்டர் மறுபடி உட்கார்ந்தார். அவள் கட்டில் பக்கம் திரும்பி, "கேக்கலாம் இல்லே?" என்றாள். கேட்டுவிட்டு நின்றாள். லிஃப்ட்காரரின் கண் நிதானமாக மேலே போனது. அதற்குப் பிறகே அவள் டாக்டரிடம் காகிதத்தை நீட்டினாள்.